கோசாய்குண்டம் போக நினைக்கிறீர்களா? முதல்முறை போகிறவர்களுக்கான வழிகாட்டி

ஆலகால விஷத்தை உண்ட சிவபெருமான் தொண்டை எரிச்சல் தாளாமல் மலையில் சூலத்தைக் குத்த, அங்கே பெருகிய நீர்தான் கோசாய்குண்டம் என்பது நேபாள மக்களின் நம்பிக்கை. திருநீலகண்டனைக் கும்பிடுகிற நம் ஊர்க்காரர்களுக்கு இந்த ஒரு வரியே கிளம்பப் போதும். ஆனால் ஏரி இருப்பது 4,380 மீட்டர் உயரத்தில். வண்டி போகாது, நடந்துதான் ஏற வேண்டும். அதுவும் வேறு நாட்டில். தமிழில் விவரம் தேடியபோது எனக்குக் கிடைத்தவை தலபுராணமும் புகைப்படங்களும்தான். எந்த அடையாள அட்டை செல்லும், எங்கே எவ்வளவு கட்ட வேண்டும், எந்த ஊரில் எத்தனை இரவு தங்க வேண்டும் என்பதையெல்லாம் அலைந்து திரிந்துதான் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

அக்டோபர், நவம்பர் மாதங்கள்தான் சிறந்தவை. மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். லாங்டாங் லிருங், கணேஷ் ஹிமால் சிகரங்கள் பளிச்சென்று தெரியும். அடுத்தபடியாக ஏப்ரல், மே. வழியெல்லாம் மலைப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) பூத்திருக்கும், ஆனால் பிற்பகலில் மேகம் மூடிவிடும். டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை ஏரி உறைந்திருக்கும். பாதையிலும் பனி கிடக்கும். முதல்முறை போகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பெரிய திருவிழா ஜனை பூர்ணிமா. நாம் ஆவணி அவிட்டம் கொண்டாடும் அதே பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் ஆகஸ்டில் வரும். ஆயிரக்கணக்கான பக்தர்கள் ஏரியில் முழுகிப் பூணூல் மாற்றிக்கொள்வார்கள். அன்றுதான் போக வேண்டும் என்று வேண்டுதல் இருந்தால் போங்கள். ஆனால் அது கொட்டும் மழைக்காலம். காத்மாண்டுவிலிருந்து வரும் சாலையில் மண்சரிவு, காட்டுப் பாதையில் அட்டைப்பூச்சி, விடுதிகளில் படுக்க இடமின்மை எல்லாம் சேர்ந்தே வரும். வேண்டுதல் இல்லாதவர்களுக்கு நான் அந்த நாளைச் சொல்ல மாட்டேன்.

அக்டோபரில் போகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தசைன், திஹார் பண்டிகைகள் அப்போதுதான் வரும். அலுவலகங்கள் தொடர்ந்து சில நாள் மூடியிருக்கும், பேருந்தில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த வருடத் தேதிகளைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

2. அடையாள ஆவணம்: ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்

நேபாளத்துக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம். அதைக் கேட்டதும் ஆதார் அட்டையோடு கிளம்பிவிடுகிறார்கள். விமானத்தில் போவதென்றால் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அல்லது இந்தியத் தேர்தல் ஆணையம் கொடுத்த வாக்காளர் அட்டை, இரண்டில் ஒன்று கையில் இருக்க வேண்டும். 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் போன்ற படம் ஒட்டிய வேறு ஆவணங்கள் செல்லும். 15 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளித் தலைமையாசிரியர் கொடுக்கும் அடையாளச் சான்று ஏற்கப்படும்.

வாக்காளர் அட்டையில் போகிறவர்கள் அசலைக் கொண்டுபோங்கள். நகலையும் கைப்பேசிப் படத்தையும் காட்டி வாதாட வேண்டாம்.

நம் ஆட்களுக்கே உரிய இன்னொரு சிக்கல், இனிஷியல். வாக்காளர் அட்டையில் ‘முருகன்’ என்று மட்டும் இருக்கும், தந்தை பெயர் தனி வரியில் இருக்கும். டிக்கெட் போடும் தளமோ குடும்பப் பெயர் கேட்கும். ஒருவர் ‘எஸ் முருகன்’ என்று போடுவார், இன்னொருவர் ‘முருகன் சுப்பையா’ என்று போடுவார். எங்கள் குழுவில் ஒருவரை இதற்காகவே கவுன்டரில் நிறுத்திவைத்துவிட்டார்கள். மேலதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விட்டார்கள். பாஸ்போர்ட் இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து டிக்கெட் போடுங்கள். தேசியப் பூங்கா அனுமதி, சிம் அட்டை, விடுதிப் பதிவு எல்லாவற்றுக்கும் அதுவே வசதி.

இலங்கைத் தமிழர்களுக்கு சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர் என்ற முறையில் ஆண்டுக்கு ஒருமுறை 30 நாள் விசா கட்டணமில்லாமல் கிடைக்கும். கனடா, பிரிட்டன், மலேசியா போன்ற நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் காத்மாண்டு விமான நிலையத்திலேயே விசா வாங்கலாம்: 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50 டாலர். பயணத்துக்கு 15 நாள் விசாவே போதும் என்று தோன்றும். மழையால் சாலை அடைபட்டால் என்ன செய்வது என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எல்லோரும் பாஸ்போர்ட் அளவுப் படம் அரை டஜன் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. காத்மாண்டு சேர்வது

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு டெல்லி வழியாக மாறிப் போவதுதான் சுலபம். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் ரயிலில் கோரக்பூர் போய், அங்கிருந்து சுனௌலி எல்லையைத் தாண்டிப் பேருந்தில் காத்மாண்டு போகலாம். பணம் மிச்சம்தான், ஆனால் மலை ஏறும் முன்பே உடம்பு களைத்துவிடும். திரும்பும்போது வேண்டுமானால் அந்த வழியை வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள். இந்திய நேரத்தைவிட நேபாள நேரம் 15 நிமிடம் முந்தியது. காலைப் பேருந்தைத் தவறவிட அது போதும்.

4. பணம்

1 இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய். இது நிலையான விகிதம், யாரும் பேரம் பேச வேண்டியதில்லை. இந்தியப் பணமாகக் கொண்டுபோனால் 100 ரூபாய்த் தாள்களாகவே வைத்துக்கொள்ளுங்கள். 500 ரூபாய்த் தாளை வாங்கத் தயங்குபவர்கள் நிறைய. காத்மாண்டுவில் சில கடைகளில் யுபிஐ எடுக்கும். மலையில் ரொக்கம் மட்டும்தான். நடை தொடங்கும் ஊரான துன்சேயைத் தாண்டினால் பணம் எடுக்கும் இயந்திரம் கிடையாது. மலைச் செலவு முழுவதையும் காத்மாண்டுவிலேயே எடுத்து, இரண்டு மூன்று இடத்தில் பிரித்து வையுங்கள்.

கட்டாயக் கட்டணங்கள் இரண்டு. ஏரி இருக்கும் லாங்டாங் தேசியப் பூங்காவின் நுழைவுக்கு சார்க் நாட்டவருக்கு 1,500 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. மலையேற்றப் பதிவு அட்டைக்கு (டிம்ஸ் என்பார்கள்) சார்க் நாட்டவருக்கு 1,000, மற்றவர்களுக்கு 2,000. கட்டும் இடத்தில் இந்தியர் என்று சொல்லி அடையாளத்தைக் காட்டுங்கள். சொல்லாவிட்டால் வெளிநாட்டவர் கணக்கில் ரசீது போட்டுவிடுவார்கள்.

தங்கவும் மூன்று வேளை சாப்பிடவும் மலையில் ஆளுக்கு நாளொன்றுக்கு 3,500 முதல் 4,000 நேபாள ரூபாய் ஒதுக்கிவைத்தால் கையைக் கடிக்காது. உயரம் ஏற ஏற விலையும் ஏறும். எல்லாம் மனிதர் முதுகிலும் கழுதை முதுகிலும் வருவதுதான் காரணம். அங்கே போய்த் தேநீருக்கு விலை குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். விடுதிகளில் அறை வாடகை குறைவாகவும் சாப்பாட்டு விலை கூடுதலாகவும் இருக்கும். தங்கும் இடத்திலேயே சாப்பிடுவதுதான் அங்கே வழக்கம். கைப்பேசி சார்ஜ் போடவும், வெந்நீருக்கும் தனிக் காசு.

வழிகாட்டியின் சம்பளத்தை இருவர் பகிர்ந்துகொண்டால், காத்மாண்டுவில் கிளம்பித் திரும்ப அங்கேயே வந்து சேரும் வரை ஆளுக்கு 25,000 முதல் 30,000 இந்திய ரூபாய் என்று திட்டமிடலாம். விமானக் கட்டணமும் காத்மாண்டு ஓட்டல் செலவும் இதில் சேராது.

5. அனுமதியும் வழிகாட்டியும்

2023 ஏப்ரலில், வெளிநாட்டு மலையேறிகள் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்று நேபாளச் சுற்றுலா வாரியம் விதி கொண்டுவந்தது. பதிவு அட்டையும் பதிவு பெற்ற நிறுவனம் வழியாகத்தான் வாங்க வேண்டும். விதி ஒருபுறம் இருக்கட்டும், முதல்முறை போகிறவர்களுக்கு வழிகாட்டி வேண்டும் என்பதுதான் என் கருத்தும். உங்களுக்கு மலைநோய் (உயரத்தில் பிராணவாயு குறைவதால் வரும் கோளாறு) வந்தால் அதை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

பேசும்போது நாலு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: அவருடைய சாப்பாடு, தங்கும் செலவு சம்பளத்தில் அடக்கமா, காப்பீடு இருக்கிறதா, சுமையும் தூக்குவாரா, மோசமான வானிலையால் ஒரு நாள் கூடினால் எவ்வளவு. கடைசியாகச் சொன்னதைக் கேட்காமல் விட்டுத்தான் பலர் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

அனுமதி வேலைகளுக்குக் காத்மாண்டுவில் ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். சுற்றுலா வாரிய அலுவலகம் பிருகுடி மண்டபத்தில் இருக்கிறது. சனிக்கிழமை அரசு விடுமுறை. வெள்ளி மாலை போய் இறங்கிவிட்டு மறுநாள் வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

காப்பீடும் இங்கேயே சொல்லவேண்டிய விஷயம். வீட்டில் இருக்கும் மருத்துவக் காப்பீடு நேபாளத்தில் பெரும்பாலும் செல்லாது. வெளிநாட்டுப் பயணக் காப்பீடு எடுங்கள். அதிலும் ‘5,000 மீட்டர் வரை மலைநடை’, ‘ஹெலிகாப்டர் மீட்பு’ என்ற இரண்டும் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். ஹெலிகாப்டர் ஒருமுறை வந்து போனால் லட்சங்களில் வரும். லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டரை வரவழைத்துக் காப்பீட்டுப் பணம் கறக்கும் மோசடி நேபாளத்தில் நடந்து விசாரணை வரை போயிருக்கிறது. அழைப்பதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண்ணில் நீங்களே பேசுங்கள்.

6. துன்சே போகும் நாள்

காத்மாண்டுவின் மச்சா போகரி பேருந்து நிலையத்திலிருந்து காலையில் துன்சே பேருந்துகள் கிளம்பும். தூரம் 120 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் ஏழெட்டு மணி நேரம் ஆகிவிடும். முதல் நாளே டிக்கெட் வாங்கி முன்பக்க இருக்கையைப் பிடியுங்கள். பகிர்வு ஜீப் கொஞ்சம் விரைவு, கூடுதல் காசு. வளைவுகளில் வயிறு புரட்டும் என்றால் முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

துன்சேக்குச் சற்று முன் ராணுவச் சோதனைச் சாவடி வரும். பையைத் திறந்து பார்ப்பார்கள். தேசியப் பூங்கா ரசீதைக் கேட்பதும் இங்கேதான், எனவே அதைப் பையின் அடியில் திணிக்காமல் சட்டைப் பையில் வையுங்கள். ட்ரோன் கொண்டுபோக வேண்டாம்; தனி அனுமதி இல்லாமல் பூங்காவில் பறக்கவிட முடியாது, சாவடியிலேயே மாட்டிக்கொள்ளும்.

7. ஏறும் திட்டம்: இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

துன்சே சுமார் 2,000 மீட்டர். ஏரி 4,380. பலர் இதை இரண்டே நாளில் ஏறிவிடப் பார்க்கிறார்கள். இந்த ஏரிக்கு வந்த பக்தர்களிடம் நடந்த ஒரு மருத்துவ ஆய்வில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு மலைநோய் இருந்தது தெரியவந்தது. இளைஞர், முதியவர், உடற்பயிற்சி செய்கிறவர், செய்யாதவர் என்று அது பார்ப்பதில்லை. வேகமாக ஏறியவரைப் பிடிக்கும், அவ்வளவுதான்.

மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இது: 3,000 மீட்டரைத் தாண்டியபின் இன்றிரவு தூங்கும் உயரத்துக்கும் நாளையிரவு தூங்கும் உயரத்துக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது. அதை வைத்து நான் சொல்லும் திட்டம்:

முதல் நாள் துன்சேயிலிருந்து சந்தன்பாரி (3,330 மீட்டர்). ஐந்தாறு மணி நேர நடை. முழுக்க ஏற்றம், முழங்காலைப் பதம் பார்க்கும். இங்கே ஒரு பழைய கோம்பாவும் (பௌத்த மடம்) பாலாடைக்கட்டித் தொழிற்சாலையும் இருக்கின்றன.

இரண்டாம் நாளும் சந்தன்பாரியிலேயே தங்குங்கள். ஒரே மூச்சில் 1,300 மீட்டர் ஏறி வந்திருக்கிறோம், உடம்புக்கு அவகாசம் வேண்டும். அறையில் படுத்துக் கிடக்காமல் சோலாங்பாட்டி (சுமார் 3,580) வரை மெல்ல நடந்து போய்த் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். இந்த ஒரு நாளைத்தான் எல்லோரும் வெட்டப் பார்ப்பார்கள். வழிகாட்டி வெட்டச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மூன்றாம் நாள் லௌரிபினா (3,910). மூன்று நான்கு மணி நேரம்தான், மதியத்துக்குள் சேர்ந்துவிடலாம். ஒரே நாளில் 580 மீட்டர் என்பது கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதல். முந்தைய நாள் ஓய்வு எடுத்திருந்தால் பெரும்பாலோர் தாங்கிவிடுவார்கள். தலைவலி இருந்தால் சோலாங்பாட்டியிலேயே ஓர் இரவு தங்கிவிடுங்கள்.

நான்காம் நாள் விடியலில் கிளம்பி ஏரி. இரண்டரை, மூன்று மணி நேரம். பாதை மலைமுகட்டை ஒட்டிப் போகும். சில இடங்களில் ஒரு புறம் செங்குத்துப் பள்ளம். அங்கே நடந்துகொண்டே படம் எடுக்க வேண்டாம், நின்று எடுங்கள். கீழே முதலில் சரசுவதி குண்டம், அப்புறம் பைரவ குண்டம் தெரியும். அதையே கோசாய்குண்டம் என்று நினைத்துச் சிலர் கும்பிடத் தொடங்கிவிடுவார்கள். இன்னும் நடக்க வேண்டும். ஒரு திருப்பம் தாண்டியதும் விடுதிகளும், பின்னால் ஏரியும் தெரியும்.

தரிசனம் முடித்து அன்றே லௌரிபினாவுக்கு இறங்கித் தூங்குங்கள். ஏரிக்கரையில் விடுதி இருக்கிறது, தங்கவும் ஆசையாக இருக்கும். நான்கே நாளில் ஏறி வந்தவர்களுக்கு அங்கே நிம்மதியாகத் தூக்கம் வராது. ஐந்தாம் நாள் துன்சே, ஆறாம் நாள் காத்மாண்டு. ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாளாவது உபரியாக வையுங்கள்.

8. மலைநோய் வந்தால்

தலைவலி, குமட்டல், சாப்பாடு இறங்காமை, தலைசுற்றல். இவற்றில் தலைவலியோடு இன்னொன்று சேர்ந்தால் மலைநோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘வெயில் பட்டது’, ‘காபி குடிக்கவில்லை’ என்று சமாதானம் சொல்லாமல் அதே உயரத்தில் நில்லுங்கள். சரியானால் மறுநாள் ஏறலாம், கூடினால் இறங்க வேண்டும்.

இரண்டு நிலைகளில் யோசிக்கவே கூடாது. ஒன்று, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது. இன்னொன்று, நேர்க்கோட்டில் ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடுவது, பேச்சு குழறுவது. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துவிட்டது என்று அர்த்தம். நள்ளிரவானாலும் உடனே கீழே இறக்குங்கள். ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்றிருந்தால் உயிர் போகலாம். தனியாக மட்டும் அனுப்பாதீர்கள்.

மலைநோயைத் தடுக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இதயக் கோளாறு, கட்டுப்படாத ரத்த அழுத்தம், கர்ப்பம் இருந்தால் மருத்துவர் சரி என்று சொல்லாமல் கிளம்பவே வேண்டாம். ஜனை பூர்ணிமா சமயத்தில் ஹிமாலய மீட்புச் சங்கம் ஏரிக்கரையில் தற்காலிக மருத்துவ முகாம் நடத்தும். மற்ற நாட்களில் அங்கே மருத்துவர் இல்லை.

விரதம் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏறும் நாட்களில் பட்டினி கிடக்காதீர்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏறிய ஓர் அம்மாவை லௌரிபினாவில் இருவர் தாங்கிப் பிடித்து இறக்கியதைப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது, தன் பெயரைச் சொல்லவே அவருக்கு நேரம் பிடித்தது. விரதத்தை ஊரில் இருந்து முடித்துவிட்டு வாருங்கள், அல்லது திரும்பிய பின் இருங்கள்.

9. பையில் என்ன

கதகதப்பான ஜாக்கெட், மழைச்சட்டை, கம்பளித் தொப்பி, கையுறை, ஊரிலேயே போட்டுப் பழகிய கணுக்கால் மூடிய காலணி, ஊன்றுகோல், டார்ச். விடுதிப் போர்வையை மட்டும் நம்பாமல் தூக்கப்பை ஒன்று வேண்டும். காத்மாண்டுவின் தமேல் பகுதியில் வாடகைக்குக் கிடைக்கும். குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கிவிடும், பவர் பேங்கை இரவில் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சிம் அட்டைக்கு நேபாள டெலிகாம்தான் என் தேர்வு.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சைவர்களுக்குப் பருப்பும் சோறும் காய்கறியும் எல்லா விடுதியிலும் உண்டு, பெரும்பாலும் கேட்டால் மறுபடியும் பரிமாறுவார்கள். கூடவே ஒரு சின்ன டப்பா ஊறுகாயும் பருப்புப் பொடியும் இருந்தால், உயரத்தில் வாய் கசக்கும்போது இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும்.

10. ஏரிக்கரையில்

கரையில் சின்னத் திறந்தவெளிச் சன்னிதி இருக்கிறது, சிவலிங்கமும் வரிசையாகத் தொங்கும் மணிகளும். அர்ச்சனைச் சீட்டு, சிறப்பு வரிசை எதுவும் கிடையாது. விபூதி, ஊதுபத்தி, கற்பூரம் நீங்களே கொண்டுபோக வேண்டும். காற்று பலமாக இருப்பதால் கற்பூரத்துக்கு ஒரு மூடிய அகல் எடுத்துக்கொள்ளுங்கள். நீருக்கடியில் தெரியும் பாறையைச் சிவனாகவே கும்பிடுகிறார்கள்.

முழுக வேண்டும் என்று நினைப்பவர்கள், வெயில் நன்றாக ஏறிய பின், மாற்றுத்துணியும் துண்டும் கரையில் ஒருவர் கையில் தயாராக இருக்க, ஒரே முழுக்கு போட்டுவிட்டு ஏறிவிடுங்கள். தலை நன்றாகத் துவட்டி, தொப்பி போட்டு, சூடாக எதையாவது குடியுங்கள். தலைவலி இருப்பவர்களும் வயதானவர்களும் நீரைத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

இது தமாங், ஷெர்ப்பா மக்களுக்கும் புனித இடம். வழியில் மந்திரம் செதுக்கிய கற்சுவர்கள் வரும். அவை உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி நடங்கள். நம் பிரதட்சிணம் போலத்தான். சோப்பு, ஷாம்பு எதுவும் தண்ணீரில் படக்கூடாது. 2007 முதல் இது ராம்சார் என்ற சர்வதேசப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள ஈரநிலம். கீழே திரிசூலி ஆற்றுக்குப் போவதும் இந்தத் தண்ணீர்தான். பூ சுற்றிய பிளாஸ்டிக் உறை, பிஸ்கட் தாள், பழைய துணி எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். தீர்த்தம் எடுத்துவர விரும்பினால் கனமான மூடியுள்ள சின்ன உலோகப் பாட்டில் கொண்டுபோங்கள். விமானத்தில் அதைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் கொட்டச் சொல்வார்கள், பதிவுச் சாமான் பெட்டியில் வையுங்கள்.